பாரத வாசிப்பிலிருந்து அறிவொளி வரை: எரியோட்டுச் சமவெளியில் முதியவர்களின் கல்வி

திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூர் வட்டத்தில் அமைந்த எரியோடு, கிணற்று நீரையும் பருவமழையையும் நம்பிய மேட்டு நிலங்கள் சூழ்ந்த ஒரு பேரூராட்சியாகும். சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் புகையிலையும் விளைந்த இந்தச் சமவெளியைப் பற்றிப் பேசுவோர் வறட்சியையும் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றவர்களையும் அண்மைக் காலத்து நூற்பாலைகளையும் பற்றி நிறையப் பேசுவர். இங்கு வயது முதிர்ந்தவர்கள் எதை, எங்கே, யாரிடம் கற்றார்கள் என்பதை அரிதாகவே கேட்பர். வாழ்நாள் கல்வி, அதாவது பள்ளிப் பருவத்தோடு நின்றுவிடாமல் முதுமை வரை விருப்பத்தாலும் தேவையாலும் தொடரும் கற்றல், இன்று பல்கலைக்கழகத் துறை ஒன்றின் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இச்சமவெளியில் அதற்கு இடமும் காலமும் முறையும் இருந்தன. பின்னர் அரசு கல்வியைக் கையில் எடுத்துக்கொண்டபோது, முதியோர் கல்வி என்று பெயர் பெற்ற திட்டமே முதியவர்களை வயது வரம்பால் வெளியே நிறுத்தியது. அவர்கள் மீண்டும் கணக்கில் சேர்க்கப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தமிழகத்தின் மானாவாரிப் பகுதிகளில், அதாவது பாசனமின்றி மழையை மட்டும் நம்பி உழும் பகுதிகளில், பெரியவர்களின் கல்விக்கு இடமாக விளங்கியவை ஊர்ச் சாவடியும் கோயில் மண்டபமும் பஜனை மடமும் ஆகும். அறுவடை முடிந்து களம் ஓய்ந்த நாட்களில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே பாரதமோ இராமாயணமோ வாசிக்கப்பட்டது. ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளைப் பேச்சுத் தமிழில் விரித்து, கிளைக்கதை சேர்த்து, ஊர் நடப்போடு பொருத்திச் சொல்வார். வில்லிபுத்தூரார் பாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் இதற்குப் பயன்பட்டன. மழை பொய்த்த ஆண்டுகளில் விராட பருவத்தை வாசித்தால் மழை பெய்யும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக இருந்ததால், வறட்சி மிகுந்த நிலத்தில் வாசிப்பு ஒரு பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, ஊர் கூடிச் செய்யும் கடமையாகவே கருதப்பட்டது. வாசிப்பு நிறைவடையும் நாளில் வாசித்தவருக்கு வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து மரியாதை செய்யப்பட்டது.

இந்த வாசிப்பு ஒரு வகுப்பறைக்குரிய இயல்புகள் அனைத்தையும் கொண்டிருந்தது என்று சொல்வது மிகையாகாது. ஆண்டுக்கு ஆண்டு அதே பகுதிகளைக் கேட்டுப் பழகிய முதியவர்கள், எழுத்து அறியாதவர்களாயினும், பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். வாசிப்பவர் ஓர் அடியை விழுங்கிவிட்டால் எடுத்துக் கொடுப்பவர் அவர்களே, பொருள் சொல்பவர் தடம் மாறினால் இடைமறித்துக் கேட்பவரும் அவர்களே. ஒரு நூலை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் அந்நூலின் மிகக் கூர்மையான வாசகராக இருக்க முடியும் என்பதை இம்மரபு நடைமுறையில் காட்டியது. பிற்காலத்து எழுத்தறிவுத் திட்டங்கள் படிக்காதவரை வெற்றுப் பலகையாக எண்ணிக்கொண்டு முதல் பாடத்தைத் தொடங்கியபோது தவறவிட்டது இதைத்தான்.

அச்சு வந்த பிறகு இம்மரபுக்குத் துணையாக அமைந்தவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். சென்னையின் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ், ஆர்.ஜி. பதி கம்பெனி முதலிய பதிப்பகங்கள் வெளியிட்ட இம்மலிவு நூல்கள் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்கப்பட்டன. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை ஆகியவற்றின் தலைப்பிலேயே ‘பெரிய எழுத்து’ என்னும் அடைமொழி இருந்தது. தடித்த பெரிய எழுத்தும், இடையிடையே மரக்கட்டைப் படங்களும், பழுப்புத் தாளும் கொண்ட இப்புத்தகங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து அருகிலுள்ள சிறிய எழுத்து மங்கலாகத் தெரிபவருக்கும் ஒருங்கே பயன்பட்டன. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் முதியவர் ஒருவர் படிக்கக்கூடிய நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்பதிப்பாளர்கள் அறிந்திருந்த அளவுக்கு, பின்னாளில் பாடநூல் தயாரித்தவர்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள் என்று கூற இயலாது.

ஆயினும் இம்மரபைப் புகழ்ந்து மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. சாவடியும் மண்டபமும் எல்லாருக்கும் உரியனவாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியினர் அந்தத் திண்ணைகளில் ஏற முடியவில்லை. பெண்கள் ஒதுங்கி, தூண் மறைவிலோ தெருவிலோ நின்று கேட்டனர். ஊர்க் கல்வியின் வாயில் வயதுக்குத் திறந்தும் சாதிக்கு மூடியும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இரவுப் பள்ளிகளும், 1932இல் தோன்றிய ஹரிஜன சேவா சங்கம் போன்ற அமைப்புகளும், அதன்பின் அரசும் கல்வியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

திண்டுக்கல் பகுதியில் அவ்வாறு வெளியிலிருந்து வந்த சிந்தனைகளுள் ஆழமாக வேரூன்றியது காந்தியின் ஆதாரக் கல்வி ஆகும். கைத்தொழில் வழியே குழந்தைகளுக்குக் கல்வி தருவது என 1937இல் தொடங்கிய இத்திட்டத்தை, சிறையிலிருந்து வெளிவந்த பின் 1945 ஜனவரியில் சேவாகிராமத்தில் கூடிய மாநாட்டில் காந்தி விரிவாக்கினார். பள்ளிக்கு முந்தைய குழந்தையிலிருந்து முதியவர் வரை வாழ்க்கை முழுவதையும் தழுவியதே கல்வி என்பது அங்கே வகுக்கப்பட்ட நிலைப்பாடு. வயது வந்தோர் கல்வி அதன் தனிப் பிரிவாக இடம்பெற்றது. வாழ்நாள் கல்வி என்னும் கருத்தை ஐரோப்பிய நாடுகளிடமிருந்து 1970களில் இந்தியா பெற்றுக்கொண்டதாகச் சிலர் எழுதுவதுண்டு. சேவாகிராம மாநாட்டை அறிந்தவர்கள் அவ்வாறு எழுதமாட்டார்கள்.

இக்கருத்தைச் சமவெளிக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான இவர், இளமையிலேயே கணவரை இழந்தபின் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார்; 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். கிராமப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அமைந்த கஸ்தூர்பா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தென்னிந்தியப் பிரதிநிதியாகக் காந்தியால் நியமிக்கப்பட்டார். 1946 பிப்ரவரியில் மதுரை நோக்கிச் சென்ற காந்தியின் ரயில் நின்ற சின்னாளப்பட்டி, அம்பாத்துரை வட்டாரத்தில், 1947 அக்டோபரில் இத்தம்பதியர் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே கிராம சேவிகைகள், அதாவது ஊர்களில் தங்கிப் பெண்களுக்கு உடல்நலமும் எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்கும் பெண் ஊழியர்கள், பயிற்சி பெற்றனர். சௌந்தரம் 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும் 1957இல் வேடசந்தூர் தொகுதியிலிருந்தும் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்திய அரசின் கல்வித் துறைத் துணை அமைச்சருமானார். எரியோட்டுப் பகுதியின் வாக்காளர்கள் நாட்டின் கல்வித் துறையில் ஒரு குரலைப் பெற்றிருந்த காலம் அது என்பதை இப்பகுதியினரே இன்று மறந்துவிட்டது வருத்தத்துக்குரியது.

1956இல் காந்திகிராமத்தில் தொடங்கப்பட்ட கிராமிய உயர்கல்வி நிறுவனத்துக்குப் பின்னால் டென்மார்க்கின் முன்மாதிரியும் உண்டு. அந்நாட்டில் குருந்த்விக் என்னும் பாதிரியாரின் சிந்தனையால் 1844இல் ரோடிங் என்னும் ஊரில் தோன்றிய மக்கள் உயர்பள்ளி, வயது வந்த உழவர்களுக்குத் தேர்வும் பட்டமும் இன்றி வரலாறும் பாடலும் பேச்சும் கற்பித்தது. கே.எல். ஸ்ரீமாலி தலைமையில் 1954இல் அமைக்கப்பட்ட குழு இம்முறையை ஆராய்ந்த பிறகே இந்தியாவில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் உருவாயின. ஆனால் இங்கு வந்து சேர்ந்தபோது அவை இளைஞர்களுக்குப் பட்டயமும் பின்னர் பட்டமும் வழங்கும் கல்லூரிகளாயின. தேர்வின்றி உழவர் கூடும் பள்ளி என்னும் உயிர்நாடி மெலிந்தது. காந்திகிராம நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஊர்ப்பணியைப் படிப்பின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டதால், மற்றப் பல்கலைக்கழகங்களைவிட அது சமவெளி ஊர்களோடு நெருங்கியே இருந்தது.

இதற்கிடையில் அரசின் தரப்பில் சமூகக் கல்வி என்னும் திட்டம் வந்தது. எழுத்தறிவோடு உடல்நலம், பொருளாதார மேம்பாடு, குடிமை உணர்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிப்பது என 1948–49ஆம் ஆண்டுகளில் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் வகுத்த இத்திட்டம், 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே ஊர்களை அடைந்தது. மாதர் சங்கங்களும் பஞ்சாயத்து வானொலிகளும் ஊர் வாழ்வில் இடம்பெற்றன. இவற்றுள் முதியவர்களுக்கு மிகுதியாகப் பயன்பட்டது வானொலியே. பஞ்சாயத்து வானொலி அறை என்பது ஒரு சிறு கட்டடம். பெட்டி உள்ளே பூட்டியிருக்கும், சாவி பஞ்சாயத்து ஊழியரிடம் இருக்கும், கூரை மேல் கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஊரை நோக்கியிருக்கும். மாலையில் பெட்டி முடுக்கப்பட்டதும் சுற்றிலும் மணலில் துண்டை விரித்து அமர்ந்தவர்கள் வயலும் வீடும் நிகழ்ச்சியையும் செய்தியையும் கேட்டு, பின் அவற்றைப் பற்றி விவாதித்துவிட்டே கலைந்தனர். 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகளால் 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் ரகம் பரவி, உழவர் வாயில் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் நிலைத்தது. சாவடியின் கேள்வி மரபு வானொலி அறைக்கு இடம் மாறியதால் அதற்குச் சிரமமின்றிக் கூட்டம் சேர்ந்தது. எழுத்து தெரியாமை அங்கே ஒரு தடையாகவே இல்லை.

எழுத்து தெரிந்தவர்களுக்கு நூலகம் இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் முயற்சியால் 1948இல் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழு கிளை நூலகங்களை நடத்த அது வழி செய்தது. காலையில் கதவு திறக்கும் முன்பே நாளிதழுக்காகக் காத்து நிற்கும் முதியவர்கள் தமிழகக் கிளை நூலகங்களின் நிலையான வாசகர்கள். தம்மை யாரும் மாணவர் என்று அழைக்காமலும் வருகைப் பதிவேடு எடுக்காமலும் கற்க முடிந்த இடம் அது.

1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். ஐந்தாண்டுகளில் 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது அதன் இலக்கு. அந்த 10 கோடிப் பேரும் 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள். தமிழில் இத்திட்டம் முதியோர் கல்வி என்றே வழங்கிற்று. மையத்துக்குச் சுமார் 30 பேர், ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை, மாலைநேர ஆசிரியர் ஒருவர் என்று அமைந்த அம்மையத்தில் 36 வயதுக்காரர் வந்து அமர்ந்தால் தடுப்பார் எவருமில்லை. ஆனால் அவர் கணக்கில் வரமாட்டார், அவர் கற்றதும் இலக்கில் சேராது. 1988 மே 5 அன்று தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே வரம்பைக் கொண்டது. உழைக்கும் வயதினருக்கும் குழந்தை பெறும் வயதினருக்கும் செலவிடும் பணமே உற்பத்தியாகவும் குடும்ப நலமாகவும் திரும்பிவரும் என்பது இதற்குப் பின்னிருந்த கணக்கு. வரவுசெலவு நோக்கில் அது பொருந்தலாம். கல்வி என்பது கற்பவரின் சொந்தத் தேவை என்று பார்த்தால் அது அநீதி. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி மறுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாம் முறையாகவும் அது மறுக்கப்பட்டது.

அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இந்தக் கதவைப் பாதி திறந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதையும், அதே ஆண்டு அக்டோபரில் நாடெங்கும் புறப்பட்ட அறிவியல் கலைப்பயணத்தையும் அடுத்து, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகங்களும் கைகோத்தன. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் தொடங்கிய இயக்கம், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதால் உலகறிந்தது. அங்கே வயது வரம்பு 9 முதல் 45 வரை. நெல்லை மாவட்ட அனுபவத்தை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். வகுப்புகள் கட்டடத்தை விட்டுத் தெருவிளக்கின் கீழும் கோயில் முற்றத்திலும் வீட்டு வாசலிலும் நடந்ததே இவ்வியக்கத்தின் பெரிய மாற்றம். ஊதியமில்லாத் தொண்டர் ஒருவருக்குப் பத்துப் பேர், மூன்று பாடநூல்கள், 200 மணி நேரம் என்பது திட்டம். அகர வரிசையை விட்டு, அன்றாடச் சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டும் முறையை அது பின்பற்றியது. தெருவில் நடந்த வகுப்பாதலால், பதிவேட்டில் பெயர் இல்லாத மூதாட்டிகளும் சுவரோரம் சாய்ந்து அமர்ந்து கேட்க முடிந்தது. வரம்பு காகிதத்தில் நின்றது, தெரு அதை மதிக்கவில்லை. கற்பித்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரி மாணவர்கள் என்பதால், ஊரில் எப்போதும் மூத்தவர் சொல்ல இளையவர் கேட்ட முறை மாலையில் ஒரு மணி நேரம் தலைகீழாயிற்று. பேத்தி வயதினளை ‘டீச்சர்’ என்று அழைக்கப் பாட்டிகள் கூசவில்லை.

முதியவர்களின் படிப்புக்குக் கண் பெரும் தடையாக இருந்ததை எழுத்தறிவுத் திட்டங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. வெள்ளெழுத்து வந்தவருக்கு விளக்கொளியில் ‘ஞ’வும் ‘ஐ’யும் ஒன்றாகவே தெரியும், கண்புரை வளர்ந்தவருக்குக் கரும்பலகையே தெரியாது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்று மாவட்டங்களின் ஊர்களில் நடத்திய முகாம்கள் வழியே கண்புரை அறுவையையும் கண்ணாடியையும் முதியவர்களிடம் கொண்டுசேர்த்தது. வயதான ஒருவர் மீண்டும் எழுத்தைப் பார்க்க முடிந்ததில் அந்த முகாம்களின் பங்கு எந்தப் பாடநூலின் பங்குக்கும் குறைந்ததன்று.

அறிவொளியின் அலை தணிந்த பிறகு, பெண்களின் கற்றல் சுய உதவிக் குழுக்களுக்குள் சென்றது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுவது, வங்கிச் சீட்டை நிரப்புவது, கடன் தவணையைக் கணக்கிடுவது ஆகியவை அங்கே பாடங்களாயின. அந்தக் குழுக்களும் நடைமுறையில் உழைக்கும் வயதுப் பெண்களையே மையமாகக் கொண்டிருந்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு முதியோருக்கெனத் தனிக் குழுக்களைத் தொடங்கியது இந்தக் குறையை உணர்ந்ததால்தான். 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த தமிழக மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. வயதுக்கு மேல்வரம்பு வைக்காத அத்திட்டத்தின் வேலைத்தளங்களில், மகனும் மருமகளும் ஆலைக்கோ திருப்பூருக்கோ சென்றுவிட்ட வீடுகளின் முதியவர்கள் நாள்தோறும் ஒன்றுகூடினர். கண்மாய்க் கரையில் கூலி, அடையாள அட்டை, உதவித்தொகை, மருத்துவம் பற்றிய செய்திகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றன. வருகைப் பட்டியலில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடும் ஆசையும் அவ்வாறே தொற்றியது.

வயதின் மேல்வரம்பு 2009 செப்டம்பரில் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டத்தில்தான் நீங்கியது. 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அதில் கற்போர் ஆயினர். தமிழ்நாட்டில் கற்போம் எழுதுவோம் இயக்கமும், 2022 முதல் நடைமுறையிலுள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் இதே விதியைக் கொண்டவை. உள்ளூர் அரசுப் பள்ளியில் தன்னார்வலர் நடத்தும் வகுப்பின் முடிவில் வாசித்தல், எழுதுதல், எண் கணக்கு ஆகியவற்றுக்குத் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு நடக்கிறது. கேரளத்தில் 2018இல் கார்த்தியாயினி அம்மா 96ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 பெற்றது, வரம்பு நீங்கினால் என்ன நிகழக்கூடும் என்பதற்குச் சான்று. அங்கே எழுத்தறிவு பெற்றவர் நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுகளுக்குச் செல்லப் படிகள் அமைக்கப்பட்டுள்ளன.

உலகின் பிற பகுதிகளில் முதியோர் கல்வி வேறு வழியே சென்றது. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் பியர் வெல்லாஸ் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தை, அதாவது ஓய்வு பெற்றவர்களுக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பேராசிரியர்கள் கற்பித்தனர். சீனாவின் ஜினான் நகரில் 1983இல் முதியோர் பல்கலைக்கழகம் தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் முதலியோர் உருவாக்கிய வடிவத்தில் ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை; உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பித்தனர், தேர்வும் இல்லை. புதுமை என்று போற்றப்பட்ட இந்த வடிவம் பாரத வாசிப்பு நடந்த சாவடிக்கு மிக அருகில் இருப்பதைத் தமிழகத்தின் திட்ட வகுப்பாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2021இல் 13.6 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. கேரளத்துக்கு அடுத்த உயர்ந்த விகிதம் இது. பல்கலைக்கழக மானியக் குழு பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தன் வயது வந்தோர் கல்வித் திட்டத்தை வாழ்நாள் கல்வி, விரிவாக்கம் என்று மாற்றி அமைத்தது. காந்திகிராமத்திலும் வாழ்நாள் கல்விக்கெனத் துறை உண்டு. வயது வந்தோர் கல்விக்கு 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை வகுத்து, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் ஏற்றுக்கொண்ட ஐந்து கூறுகளில் கடைசிக் கூறு தொடர்கல்வி. கலை, அறிவியல், பண்பாடு, விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் வயது வந்தோருக்கான பாடங்கள் என்று அது விளக்கப்படுகிறது. எழுத்தறிவுத் தேர்வு எண்ணிக்கையாகக் கணக்கிடப்படுவதால் எழுத்தறிவு என்னும் முதல் கூறுக்கே அலுவலர்களின் கவனம் செல்கிறது. எரியோடு போன்ற ஊர்களில் ஐந்தாம் கூறைத் தொடங்கப் புதுக் கட்டடமோ புதுப் பணியிடமோ தேவையில்லை. கிளை நூலகத்தின் மாலை நேரமும், பெரிய எழுத்தில் அச்சிட்ட சில நூறு நூல்களும், காந்திகிராமத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் மாணவர் குழுவும் போதும். முதல் பாடத்துக்கு ஆசிரியராக அமர வேண்டியவர்கள், விராட பருவத்தின் இராகம் இன்னும் தொண்டையில் இருக்கும் எண்பது வயதுக்காரர்கள். இம்முறை அந்த வகுப்பு சாவடித் திண்ணையில் முன்பு இடம் மறுக்கப்பட்ட தெருவிலிருந்து தொடங்க வேண்டும்.